பலா இலையில் ஆடிக்கூழ்

நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் 'ஆடிப்பிறப்பு' பாட்டுக்குள் ஒரு முழு அடுப்படியே இருக்கிறது. பயறு வறுபடுகிறது, அரிசி இடிபடுகிறது, தேங்காய் உடைபடுகிறது, கொழுக்கட்டை அவிகிறது, பனங்கட்டி போட்ட கூழ் துழாவப்படுகிறது. எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்ற ஒழுங்கு ஓரிடத்திலும் பிசகுவதில்லை. வினைச்சொற்கள்தான் பாட்டை இழுத்துக்கொண்டு போகின்றன; வருணனைக்காகப் புலவர் எங்கும் தங்குவதில்லை. வளர்ந்த பிறகு எத்தனையோ பெரிய கவிதைகளைப் படித்தாயிற்று. வினைகளை இத்தனை நேர்த்தியாக அடுக்கிய பாட்டுகளை அதிகம் கண்டதில்லை.

இதை நான் படித்தது எல்கடுவையில், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். மாத்தளையிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதை. வழியெல்லாம் தேயிலை, இடையிடையே மிளகுக் கொடியும் கராம்பும். அதற்கும் மேலே நக்கிள்ஸ் மலைத்தொடர். பனை என்றால் படத்தில் பார்த்ததுதான். ஆடிக்கூழ் என்றால் எங்கள் லயங்களில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், அது மாரியம்மனுக்கு வார்ப்பது. பயறும் பனங்கட்டியும் போட்ட யாழ்ப்பாணத்துக் கூழை எங்களில் யாரும் குடித்ததில்லை. ஆனால் பாட்டின் முடிவில் பிள்ளைகள் பலா இலையைப் பொறுக்கிவந்து மடித்துக் கோலிக்கொண்டு நிற்பார்கள், தாய் அகப்பையால் வார்ப்பாள். பலா எங்களிடம் இருந்தது! அந்த ஒற்றை இலையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் யாழ்ப்பாணத்துக்குள் நுழைந்துவிட்டோம். லயத்துக்குப் பின்னால் நின்ற மரத்தில் முற்றிய இலையாகப் பார்த்துப் பறித்து, கூம்பாகச் சுருட்டி ஈர்க்குக் குத்தி, அதில் பிளேன்டி ஊற்றிக் குடித்தோம். சூடு பட்டதும் இலையின் பச்சை வாடை தேத்தண்ணீரில் இறங்கும். அடிக்கூம்பில் ஒழுகும். ஒழுகுவதற்குள் குடித்து முடிக்க வேண்டும் என்பதே விளையாட்டு.

பள்ளிக்கூடம் என்பது ஒரே மண்டபம். ஐந்து வகுப்புக்கும் நடுவில் தடுப்பு கிடையாது. வாங்குகளை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறதோ அதுதான் வகுப்பு. அந்தக் காலத்துத் தோட்டப் பள்ளிக்கூடங்கள் பலவும் இப்படித்தான். அது பெரிய குறை, மறுக்கவில்லை. ஆனால் தமிழ்ப் பாட்டு அங்கே காதால் வளர்ந்தது. இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்து கூட்டல் போட்டுக்கொண்டிருக்கும்போது ஐந்தாம் வகுப்புப் பாட்டு காதில் விழுந்துகொண்டே இருக்கும். அந்தப் புத்தகம் கைக்கு வருகிற வருடத்தில் பாட்டு ஏற்கெனவே மனப்பாடம். எழுத்தைத் தேடிப் படிப்பதற்குப் பதிலாக, தெரிந்த பாட்டு தாளில் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். தகரக் கூரையில் மழை விழும் நாளில் வாத்தியாரின் குரல் எடுபடாது. எல்லா வகுப்பையும் ஒன்றாகச் சேர்த்துப் பாடவிடுவார். வடக்கிலிருந்து வந்தவர் அவர். பாட்டைச் சொல்லும்போது மட்டும் அவருடைய ஊர்ப் பேச்சு முழுதாக வெளியே வரும். நாங்களும் அதே இழுப்பில் சொல்லிப் பழகினோம்.

மழைக்கு ஏற்ற பாட்டு 'பவளக்கொடி'. பால் விற்கப் போகும் பெண் வழியெல்லாம் மனக்கோட்டை கட்டி, கடைசியில் பாலையும் கொட்டிவிடுகிற கதை. உலகம் முழுக்க வழங்குகிற கதைதான். புலவர் அவளைப் பருத்தித்துறைக்காரியாக்கி, தலையில் பானையோடு நடக்கிறவளின் எட்டைப் போலவே குறுங்குறு அடிகளில் நடக்கவிட்டார். அடிக்கு அடி இயைபு விழும். ஆறு வயதுப் பிள்ளைக்கும் அடுத்த சொல் எங்கே முடியப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். அந்த எதிர்பார்ப்பில்தான் பாட்டின் இன்பம். இலங்கை வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன்னரே பருத்தித்துறை எங்களுக்குப் பால்காரியின் ஊராகத் தெரிந்திருந்தது. தங்கத் தாத்தா என்று பிள்ளைகள் அழைக்கும் புலவர் 1953-இல் மறைந்தார். அவரும் பள்ளிக்கூட வாத்தியார்தான். பிள்ளைகளின் வாயில் எந்தச் சொல் உருளும், எது இடறும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

வசனத்தின் ருசி பள்ளிக்கூடத்துக்கு வெளியே வாய்த்தது. பக்கத்து லயத்துத் தாத்தா ஒருவர் ஆறுமுக நாவலரின் நாலாம் பாலபாடத்தைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். சாயங்காலம் விளக்கு வைத்ததும் உரக்க வாசிப்பார். கொலை, களவு, கள், சூது, பொய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடம். நாவலர் 1849-இல் சென்னையிலிருந்து அச்சுக்கூடம் வாங்கிவந்தவர்; தமிழ் வசனத்தில் நிறுத்தக் குறிகளைப் பரவலாக ஆளத் தொடங்கியவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. தாத்தா வாசிக்கும்போது அந்தக் குறிகளைக் காதால் கேட்கலாம். முதலில் பொருளைச் சொல்லி வைப்பார் நாவலர். பிறகு காரணம், பிறகு விளைவு. ஒரு வாக்கியம் தன் காலில் நின்ற பிறகே அடுத்தது எழும்பும். சாதியைப் பற்றி நாவலர் கொண்டிருந்த கருத்துகளை என்னால் ஏற்க முடியாது. அந்த வசனத்தை விடவும் முடியாது. இன்றைக்கும் எழுதிய ஒரு பத்தி குழம்பிக் கிடந்தால், தாத்தா வாசித்த வேகத்தில் உரக்க வாசித்துப் பார்ப்பேன். எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கேதான் கோளாறு இருக்கும்.

1980-இல் அரசாங்கம் பாடநூல்களை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. அதற்கு முன் அக்காவின் புத்தகம் எனக்கு, என்னுடையது தம்பிக்கு. புதுப் புத்தகத்துக்குப் பழைய கலண்டர் தாளைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய உறை போடுவோம். உள்ளே கறுப்புக் கோட்டுப் படங்கள். வர்ணம் இல்லாததால் எந்தப் பனையும் எந்தக் கடலும் நாங்கள் நினைத்த நிறத்தில் இருந்தன.

கண்ணால் காணாத நிலத்தைப் பாடப்புத்தகத்தில் படித்த கதை அயர்லாந்திலும் உண்டு. ப்ளாஸ்கெட் தீவில் வாழ்ந்த பெக் சேயர்ஸ் என்ற மூதாட்டி தன் வாழ்க்கையை ஐரிஷ் மொழியில் சொல்லச் சொல்ல மகன் எழுதிக்கொண்டார். கதை சொல்வதில் பேர்போன அவருக்குத் தன் தாய்மொழியில் எழுதத் தெரியாது. 1936-இல் வெளிவந்த அந்த நூலைப் பல பத்தாண்டுகளாக மேல்வகுப்புப் பிள்ளைகள் பாடமாகப் படித்தார்கள். வீட்டில் ஆங்கிலம் பேசும் டப்ளின் பிள்ளைக்கு, கடல் சூழ்ந்த தீவின் வறுமையும் சாவும் கண்காணாத உலகம். பலர் அலுத்துக்கொண்டார்கள், ஆனால் அவர்களால் மறக்க முடியவில்லை. 1953-இல் தீவிலிருந்து கடைசிக் குடிகளையும் கரைக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். நகரத்துப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் அந்தத் தீவு அதன் பிறகும் குடியிருந்தது. நான் டப்ளின் பிள்ளையைவிடப் பாக்கியசாலி. எனக்கு எட்டாமல் இருந்தது நிலம்தான். பாஷை என் அம்மாவின் பாஷை.

ஒரு ஏக்கம் மட்டும் இருந்தது. என் தமிழ்ப் புத்தகங்களில் பனை இருந்தது, வயல் இருந்தது, கடல் இருந்தது, தேயிலை இல்லை. அது சமூகக்கல்வியில்தான் வந்தது, இறப்பருக்கும் தெங்குக்கும் பக்கத்தில், ஏற்றுமதிப் பயிராக. அதைப் பறிக்கும் கை அந்தப் பக்கத்தில் இல்லை. மலையகத்தைப் பாடிய ஸி.வி. வேலுப்பிள்ளையை நான் அறிந்தது பள்ளிக்கூடம் விட்ட பிறகு. அவர் ஆங்கிலத்தில் எழுதியது, சக்தீ பால ஐயாவின் மொழிபெயர்ப்பில் 'தேயிலைத் தோட்டத்திலே' ஆகத் தமிழுக்கு வந்தது. மாத்தளையிலேயே மலரன்பனும் வடிவேலனும் மாத்தளை சோமுவும் கதை எழுதிக்கொண்டிருந்தார்கள்; அவர்கள் மூவரின் கதைகளும் சேர்ந்து 'தோட்டக் காட்டினிலே' என்ற தொகுதியாக வந்தபோது, காலையில் வேலைக்குப் பேர் பதியும் எங்கள் பிரட்டுக்களத்தை அச்சில் பார்த்த சந்தோஷத்தில் ஒரு பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஸி.வி. மலைநாட்டு மக்கள் பாடல்களையும் திரட்டினார். 'ஆடிப்பிறப்பு'க்கு அடுத்த பக்கத்தில் அந்த மரபிலிருந்து ஒரு பாட்டை வைக்கச் சொன்னால், கொழுந்தெடுப்புப் பாட்டு ஒன்றைத்தான் தருவேன். கூடை மாட்டி, மலை ஏறி, நிரை பிடித்து, கொழுந்து கிள்ளி, நிறுவைக்கு நிற்கும் வரை அங்கேயும் வினைகள் வரிசை பிசகாமல் நடக்கும்; புலவருக்கே பிடித்திருக்கும். அதைப் பருத்தித்துறைப் பிள்ளை வாய்விட்டுப் படிக்க வேண்டும். நிரை என்றால் என்ன, பிரட்டுக்களம் எங்கே இருக்கிறது என்று தன் வாத்தியாரைக் கேட்க வேண்டும், நாங்கள் பனங்கட்டியைப் பற்றிக் கேட்டது போல.