ஊரார் எழுதும் வரலாறு: யாழ்ப்பாண நகர் பற்றிய மலர்கள் – ஒரு விமர்சன நோக்கு

யாழ்ப்பாண நகரின் வரலாற்றைப் பேணி வந்தோர் யாவர் என்னும் வினாவிற்கு, வரலாற்றாசிரியர் என விடை கூறுதல் எளிது. ஆயின் அது முழு உண்மையன்று. கும்பாபிஷேக மலர்களையும், பாடசாலை நூற்றாண்டு மலர்களையும், சனசமூக நிலைய ஆண்டுவிழா மலர்களையும் புரட்டிப் பார்ப்போர், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் தர்மகர்த்தாக்களுமே இந்நகரின் குளத்தையும் ஒழுங்கையையும் மடத்தையும் பற்றிய செய்திகளைத் தொகுத்து வந்துள்ளனர் என்பதை உணர்வர். அந்தியேட்டி நாளிலே வழங்கப்படும் 'கல்வெட்டு' என்னும் நினைவுநூலும் இவ்வகையிற் சேர்க்கத்தக்கதே. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. அதன் பின்னர் வீட்டு அலுமாரிகளில் எஞ்சிக் கிடந்த மலர்கள் பெற்ற மதிப்பு முன்னர் அவற்றுக்கு இருந்ததில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் இத்தகைய வெளியீடுகளைத் தேடி மின்வடிவில் பொதுமைப்படுத்தியமையால், இன்று அவற்றுட் பலவற்றை எவரும் படிக்கலாம். படிக்கக் கிடைத்தமையாலேயே அவற்றை விமர்சிக்கும் கடமையும் நம்மைச் சார்கின்றது.

இம்மரபு புதியதன்று. ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளின்படி மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையே ஒருவகையில் ஊரார் வாய்மொழியையும் பழம் ஏடுகளையும் கூட்டிச் செய்த தொகுப்புத்தான். பின்னர் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையும், முதலியார் செ. இராசநாயகமும், சுவாமி ஞானப்பிரகாசரும் எழுதினர். இவர்களுள் எவரும் பல்கலைக்கழக வரலாற்றுத்துறை சார்ந்தவரல்லர். எனினும் ஒருவர் எழுதியதை மற்றவர் வாளா ஏற்றுக்கொள்ளவில்லை. ஞானப்பிரகாசர் 1928 இல் வெளியிட்ட நூலுக்கு யாழ்ப்பாண வைபவ விமர்சனம் என்றே பெயரிட்டார். இன்றைய மலர்க் கட்டுரையாளர்கள் அம்முன்னோரின் செய்திகளைக் கையேற்றுக் கொண்டனர். அவர்தம் பூசலைக் கையேற்கவில்லை. குறை இங்கேதான் தொடங்குகின்றது.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் முதன்முதற் கட்டப்பட்ட காலம் பற்றிய செய்தியை எடுத்துக்கொள்வோம். கைலாயமாலையோடு சேர்த்து வழங்கும் தனிச்செய்யுள் ஒன்று, புவனேகவாகு என்பான் நகரையும் கோயிலையும் அமைத்த காலம் சக ஆண்டு 870 எனக் கூறும், அது கி.பி. 948 ஆகும். ஆரியச்சக்கரவர்த்திகள் எழுச்சி பெற்ற 13 ஆம் நூற்றாண்டோடு இவ்வாண்டு பொருந்தாமையால், சிலர் அதனை 1248 எனத் திருத்தினர். வேறு சிலரோ, 15 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி, பின்னர் புவனேகபாகு என்ற பெயருடன் கோட்டையில் அரசு புரிந்த சபுமல் குமாரயனையே அப்பெயர் சுட்டுகின்றது என்றனர். கோயிற் கட்டியத்தில் இன்றும் ஸ்ரீ சங்கபோதி புவனேகபாகு எனும் பெயர் ஒலிப்பதை இவர்கள் சான்று காட்டுவர். இப்பிந்திய கருத்தே எமக்கு வலுவுடையதாகத் தோன்றுகின்றது. சங்கபோதி என்பது சிங்கள மன்னர் சூடிய விருதுப்பெயர் என்பதை மறைத்துவிட்டு அக்கட்டியத்தை விளக்க இயலாது. ஆயினும் நாம் கண்ட மலர்களுட் பல 948 என்பதையே எவ்வித ஐயமுமின்றி மீண்டும் மீண்டும் அச்சிட்டுள்ளன. பழைமை கூடுந்தோறும் பெருமையும் கூடும் என்ற எண்ணமே இதற்குக் காரணமாதல் வேண்டும். சிங்கள இளவரசன் ஒருவன் நல்லூரிற் கோயில் எடுப்பித்தான் என்பது நம் காலத்து அரசியலுக்கு ஒவ்வாததாகவும் இருக்கலாம்.

இதனினும் பாரதூரமானது மலர்கள் பேசாது விட்டவை பற்றியது. பறங்கித்தெரு, சோனகதெரு, கன்னாதிட்டி, கரையூர் என நகரின் இடப்பெயர்களே இங்கு யார் யார் எத்தொழில் செய்து வாழ்ந்தனர் என்பதை ஓரளவு உரைப்பன. கரையூர் குருநகர் ஆயிற்று. அம்மாற்றத்தின் பின்னால் சாதியடையாளத்தினின்று விடுபட விரும்பிய மக்களின் வேட்கை இருந்ததா என்று ஆராய்ந்த கட்டுரையொன்று எம் கண்ணிற் படவில்லை. கோயில் மலர்கள் தர்மகர்த்தாக்களின் பரம்பரையை வரிசையாகத் தரும். தாழ்த்தப்பட்டோர் எந்த ஆண்டில் வாயிலைக் கடந்து உள்ளே சென்றனர் என்பதை மட்டும் அவை கூறுவதில்லை.

சோனகதெருவின் நிலை இன்னுந் துயரமானது. 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில், விடுதலைப் புலிகளால் இரண்டு மணித்தியால அவகாசத்துடன் நகரின் முஸ்லிம் மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பலர் புத்தளத்திலே குடியமர்ந்தனர். அசனாலெப்பைப் புலவரைத் தந்த அச்சமூகத்தின் வரலாற்றை இப்பொழுது எழுத வேண்டியவர்கள் வேறொரு மாவட்டத்தில் முதுமையெய்தி வருகின்றனர். நகரைப் பற்றித் தமிழர் வெளியிட்ட மலர்களில் இதற்கு ஒரு வாக்கியம் கிடைப்பதே அரிது. இம்மௌனத்தை இடப்பற்றாக்குறையென்று எவரும் சமாதானங் கூற முடியாது.

எனினும் இம்மலர்களை ஒதுக்கிவிடுதல் கல்வியுலகத்தின் செருக்காகும். இக்கட்டுரையாளனின் பாட்டனார் பற்றிய கல்வெட்டு, அவர் மலாயாவில் இரயில்வே உத்தியோகம் பார்த்தமையையும் வண்ணார்பண்ணையில் வீடு கட்டியமையையும் இரண்டு பக்கங்களில் விரித்துரைக்கும். பாட்டியாருக்கு அதில் 'அருமை மனைவி' என்ற இரு சொற்களே வாய்த்தன. அவ்வீட்டுக் காணி பாட்டியாரின் சீதனம் என்பதும், கிணற்றடியில் அயலாருக்கு இருந்த நீருரிமை பற்றிய வழக்கும் அவர் வாய்மொழியாற் பின்னரே தெரியவந்தன. 1995 இல் நகர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அவர் எடுத்துச் சென்ற தகரப் பெட்டியில் காணி உறுதியும் அக்கல்வெட்டும் ஒன்றாகவே இருந்தன. கல்வெட்டில் உள்ள ஆண்டுகளை உறுதியோடும், உறுதியைப் பாட்டியாரின் பேச்சோடும் ஒப்புநோக்கியபோதுதான் அச்சிட்ட ஆண்டுகளுள் இரண்டு பிழையானவை என அறிந்தோம்.

இத்தகைய ஒப்புநோக்கலே நம் போன்ற மாணவர் செய்யக்கூடியது. ஒரு தெருவை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைப் பற்றிய மலர்களையும் கல்வெட்டுகளையும் காணி உறுதிகளையும் திரட்டி, அங்கிருந்து புத்தளத்துக்குப் போனவர்களிடமும் கேட்டு எழுதலாம். முதலிற் சோனகதெருவையே எடுத்துக்கொள்ளலாம் என்பது எமது கருத்து.