ஐந்தாண்டுக்கு ஐந்து லட்சம்

திருப்புட்குழியில் தறி நெய்பவரின் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1.20 லட்சத்துக்குள் இருந்தால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஆண்டுதோறும் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். சந்தா கிடையாது. அதே தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கும் 5 லட்சம்தான். ஆனால் அது ஐந்தாண்டுக்கும் சேர்த்து, மனைவிக்கும் சேர்த்து. இதற்கு அவர் ஓய்வூதியத்தில் மாதம் 497 ரூபாய் பிடிக்கிறார்கள். 2014இல் 150, 2018இல் 350 என்றிருந்த தொகை இது. யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்தின் வழியாக நடக்கும் ஓய்வூதியர்களுக்கான இப்போதைய திட்டம் 2022 ஜூலை முதல் 2027 ஜூன் வரை.

கட்டாயப் பிடித்தம் வேண்டாம், விரும்பியவர் சேரட்டும் என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அறுபது வயதுக்காரருக்கும் எண்பத்தைந்து வயதுக்காரருக்கும் ஒரே சந்தா, மருத்துவப் பரிசோதனை இல்லை, பழைய சர்க்கரை நோயைக் காட்டித் தள்ளுவதும் இல்லை. தனியார் பாலிசியில் எளிதில் கிடைக்காத சலுகை இது. திடகாத்திரமானவர்கள் விலகிக்கொண்டால் மிச்சமிருப்பவர்களின் சந்தா எங்கே போய் நிற்கும்? ஆனால் குறைந்தபட்ச ஓய்வூதியமான 7,850 ரூபாய் வாங்குபவரிடமும் (அகவிலைப்படி தனி) பெரிய அதிகாரியிடமும் அதே 497ஐப் பிடிப்பது நியாயமில்லை.

உண்மையான கோளாறு உச்சவரம்பில் இருக்கிறது. முதல் ஆண்டு இதயத்தில் ஸ்டென்ட், மூன்றாம் ஆண்டு இடுப்பெலும்பு முறிவு என்று முதுமையில் நோய்கள் அடுத்தடுத்து வரும். குறிப்பிட்ட சில கடும் நோய்களுக்கு 10 லட்சம் வரை உண்டு. மற்றவற்றுக்கு, தொகை தீர்ந்தபின்னும் பிடித்தம் மட்டும் நிற்காது.

அடுத்தது மருத்துவமனைப் பட்டியல். ஊர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையோரம்; நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால் ஆம்புலன்ஸ் அருகிலிருக்கும் மருத்துவமனைக்குத்தான் போகும். அது பட்டியலில் இல்லையென்றால் பில்களோடு ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவை நாட வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியர் சிவகாந்த் ஜா வழக்கில், பட்டியலில் இல்லை என்பதை மட்டும் காரணமாக்கிப் பணத்தை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018இலேயே சொல்லிவிட்டது. அதன்பிறகும் இங்கே ஓய்வூதியர்கள் உயர் நீதிமன்றப் படியேறிக்கொண்டிருந்தார்கள்.

அன்றாட மாத்திரைக்கு மருத்துவப்படி என்று 300 ரூபாய் தருகிறார்கள். அதைப் பற்றி என்ன எழுத!

2027இல் புதிய ஒப்பந்தம் போடும்போது, ஓய்வூதியர் சங்கங்கள் சந்தாவில் ஐம்பது, நூறு குறைக்கப் பேரம் பேசுவதைவிட, உச்சவரம்பை ஆண்டுக்கணக்காக்கக் கேட்கலாம். சந்தா கட்டாத குடும்பத்துக்கு அரசு ஏற்கெனவே அப்படித்தான் தருகிறது.