1986இன் 'விக்ரம்': இரண்டாவது இன்னிங்ஸ்

1980களின் நியூ வேவ் பாப் தமிழுக்குத் தனி இசைக்குழுக்கள் வழியாக வரவில்லை. சினிமாப் பாட்டில் தொற்றிக்கொண்டு வந்தது. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் போட்ட பாதையில் இங்கிலாந்தின் ஹியூமன் லீக், டெபேஷ் மோட் போன்ற குழுக்கள் சின்தசைசரையும் டிரம் மெஷினையும் முன்னால் நிறுத்தின. 1983இல் யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டு சந்தைக்கு வந்தது. கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் மிடி முறையும் அதே ஆண்டில்தான். கோடம்பாக்கம் அதிக நாள் காத்திருக்கவில்லை.

தமிழில் இந்த ஒலி உச்சம் தொட்டது 1986இல். மே மாதக் கடைசியில் 'விக்ரம்', தீபாவளிக்கு 'புன்னகை மன்னன்'. இரண்டுக்கும் இளையராஜா இசை. பின்னதில் சீக்வென்சர் பயன்பட்டது. அதைக் கையாண்டவர் அப்போது திலீப் என்று அறியப்பட்ட ஏ.ஆர்.ரஹ்மான்.

'விக்ரம்' தலைப்புப் பாடலின் ஆட்டத்தைப் பிரித்துப் பார்த்தால், வெற்றிக்குக் காரணம் சிக்கனம் என்று தெரியும். நாயகனின் பெயரே கோஷமாகிறது. மின்னொலித் தாளம் அதன்கீழ் விடாமல் ஓடுகிறது. பாடியவர் கமல்ஹாசன். எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடியிருந்தால் குழைவும் சங்கதிகளும் தானாக வந்து விழுந்திருக்கும். கமல் வளைக்காமல், கட்டளை இடுவதுபோல் பாடுகிறார். இயந்திரத் தாளத்துக்கு அந்த விறைப்புதான் பொருந்துகிறது. அதே படத்தின் 'என் ஜோடி மஞ்சக்குருவி' வேறு குரல்களுக்குப் போனது. அங்கே துள்ளல் தேவைப்பட்டது, ஆட்களும் மாறினார்கள். ஆளைப் பார்த்துப் பந்தைக் கொடுக்கும் கேப்டனின் கணக்கு இது.

மேற்கத்திய பாப்பிலிருந்து ஒரு வேறுபாடும் உண்டு. மேற்கில் இயந்திரம் வாசித்த பலவற்றை இங்கே கைகள் வாசித்தன. கீபோர்டில் விஜி மேனுவல், டிரம்ஸில் புருஷோத்தமன், பேஸ் கிதாரில் சசிதரன் என்று இளையராஜா குழுவில் இருந்த கலைஞர்களால்தான் அந்தக் காலப் பாடல்கள் இன்றும் சுவரில் அடித்த ஆணிபோல் கேட்காமல், மூச்சுவிட்டுக் கேட்கின்றன.

அன்றைக்குக் கோவையில் இவை பரவிய வழி ரெக்கார்டிங் சென்டர். பாட்டு லிஸ்டைத் தாளில் எழுதி, 60 அல்லது 90 நிமிட வெற்றுக் கேசட்டோடு கொடுத்தால், சில நாளில் பதிவாகிக் கிடைக்கும். எந்தப் பக்கத்தில் எந்தப் பாட்டு என்பதைக் கேட்பவரே முடிவு செய்தார்.   இப்போது அதே கோவையில் சத்தி ரோட்டின் ஐடி வளாகங்களுக்கு வேலைக்கு வருபவர்களில் பலர், 'விக்ரம்' வந்தபோது பிறக்காதவர்கள்.

அவர்களிடம் இந்தப் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் கொங்குக்காரர்தான். கிணத்துக்கடவில் பிறந்து, கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரியில் படித்த இயக்குநர் லோகேஷ் கனகராஜ் 1986 மார்ச்சில் பிறந்தவர். பழைய பாட்டைச் சண்டைக்கு நடுவே ஓடவிடும் பழக்கத்தை அவர் 'கைதி'யிலேயே (2019) காட்டிவிட்டார்; 1999இன் 'ஜும்பலக்கா' அப்படித்தான் திரும்பி வந்தது. 2022 ஜூன் 3இல் வெளியான புதிய 'விக்ரம்', பழைய படத்தின் உளவாளி நாயகனையே மீண்டும் களமிறக்கியது. அதே மாதம் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் தயவில், கேட் புஷ்ஷின் 1985ஆம் ஆண்டுப் பாடல் ஒன்று பிரிட்டன் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. இரண்டு இடத்திலும் பாட்டை மீட்டது வானொலியோ இசைத்தட்டு நிறுவனமோ அல்ல, திரைக்கதை.

புதிய படத்துக்கு அனிருத் இசையமைத்த தலைப்புப் பாடலும் பெயர்க் கோஷத்தை நம்பியே நிற்கிறது. அதிர்வு கூடியிருக்கிறது, கிரிக்கெட் மைதானத்தில் ஓவர் இடைவெளியில் பத்து நொடி ஒலிக்கவிட இதுவே தோது. ஆனால் ஒலிகளுக்கு நடுவே பழையதில் இருந்த வெற்றிடம் இதில் இல்லை. ஹெட்போனில் முழுப் பாட்டாகக் கேட்க 1986தான் மேல்.

மீட்டெடுப்புக்குத் தடையும் வந்திருக்கிறது. 'கூலி' படத்தின் அறிமுக டீசரில் 'தங்க மகன்' (1983) படத்தின் 'வா வா பக்கம் வா' பயன்பட்டதற்கு 2024இல் இளையராஜா நோட்டீஸ் அனுப்பினார். 2025இல் 'குட் பேட் அக்லி' படத்தில் வந்த அவரது மூன்று பாடல்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயின; இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது. அந்த மூன்றில் ஒன்று 'என் ஜோடி மஞ்சக்குருவி'.