ஒரு டெஸ்ட், ஒரு விக்கெட்

கிரிக்கெட் வீரர் எம்.ஜே.கோபாலனைப் புள்ளிவிவரத்தில் தேடினால் ஏமாற்றம்தான். 1934 ஜனவரியில், கல்கத்தா ஈடன் கார்டனில், ஜார்டினின் இங்கிலாந்து அணிக்கு எதிராக ஒரே ஒரு டெஸ்ட். எடுத்தது ஒரு விக்கெட். "இவருக்கெல்லாம் கட்டுரையா?" என்று எங்கள் ஊர் வேங்கிக்கால் ரசிகர்கள் கேட்பார்கள். இவருக்குத்தான்.

செங்கல்பட்டுப் பக்கம் மொறப்பாக்கத்தில் பிறந்து திருவல்லிக்கேணியில் வளர்ந்தவர். அவருடைய சரக்கு புதுப் பந்து. அதை ஸ்விங் செய்வது முரட்டு பலத்தில் வராது. தையலைச் சற்றே ஸ்லிப் பக்கம் சாய்த்துப் பிடிக்கணும். கை சுழன்று இறங்கும்போது மணிக்கட்டு பந்துக்குப் பின்னாலேயே நிற்கணும். அப்போது பந்து நேராகக் கிளம்பி, மட்டையாளர் முன்காலை வைத்துவிட்ட பிறகு வெளியே விலகும். தாமதமாக விலகுவதில்தான் வித்தை இருக்கிறது. சீக்கிரம் வளைந்தால் எவரும் விட்டுவிடுவார். ஏரிக்கரைப் பக்கம் டென்னிஸ் பந்தில் ஆடும் நம் பையன்களுக்கு வேகம் இருக்கிறது. இந்த வித்தை எப்படி வரும்? அந்தப் பந்தில் தையலே கிடையாதே!

1934 நவம்பர் 4, சேப்பாக்கம். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், சென்னைக்கும் மைசூருக்கும். அந்தப் போட்டியின் முதல் பந்தை வீசியவர் கோபாலன். மைசூர் 48, பிறகு 59, சென்னை 130. ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. 11 விக்கெட் எடுத்த சென்னையின் ராம்சிங்தான் அன்றைய நாயகன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கிரிக்கெட் அவருக்குப் பாதிதான். ஹாக்கியில் அவர் சென்டர் ஹாஃப். கோல் அடிக்கும் பெயர் முன்வரிசைக்குப் போகும். எதிரியிடமிருந்து பந்தைப் பறித்து, தலை நிமிர்ந்து பார்த்து, அந்த முன்வரிசைக்கு ஊட்டிவிடுகிற பொறுப்பு இவருடையது. 1935-ல் தியான்சந்த் தலைமையில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா பக்கம் போன இந்திய அணி 48 ஆட்டங்களில் 584 கோல் போட்டது. அதில் கோபாலனும் இருந்தார்.

மறுவருஷம் இரண்டு ஆட்டமும் ஒரே சமயத்தில் கூப்பிட்டன: பெர்லின் ஒலிம்பிக்ஸ், இங்கிலாந்து கிரிக்கெட் பயணம். கோபாலன் கிரிக்கெட்டோடு போனார். விஜயநகரம் மகாராஜகுமாரின் அந்த அணியில் கோஷ்டிச் சண்டை நாறியது. நட்சத்திர வீரர் அமர்நாத்தையே பாதியில் திருப்பி அனுப்பினார்கள். மூன்று டெஸ்டிலும் கோபாலனுக்கு இடமில்லை. ஹாக்கி அணியோ பெர்லினில் ஜெர்மனியை 8-1 என்று வென்று தங்கம் வாங்கியது.

பதக்கத்துக்காகச் சொல்லவில்லை, அவர் ஹாக்கிக்கே போயிருக்க வேண்டும் என்பது என் கட்சி. கிரிக்கெட்டில் அவர் நல்ல பந்துவீச்சாளர்களில் ஒருவர். ஹாக்கியில் தியான்சந்தின் அணிக்கே தேவைப்பட்டவர்.

1950-களில் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே தொடங்கிய போட்டிக்குக் கோபாலன் கோப்பை என்றே பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு வாழ்ந்து, 2003 டிசம்பரில் சென்னையில் காலமானார்.