ஆண்டவர், எஜமான், அடிமை: ஒரு மொழிபெயர்ப்பு நோக்கு

புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர்கள் தங்களை ‘ஸ்ரீ பிரகதாம்பாள் தாஸ்’ என்று குறித்துக்கொண்டனர். திருக்கோகர்ணத்துத் தேவியே நாட்டுக்கு உரியவள், மன்னர் அவளுடைய தாசர் என்பது இதன் கருத்து. அவர்களது அம்மன் காசில் ஒருபுறம் தேவியின் உருவமும் மறுபுறம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்ற சொல்லும் காணப்படும். எனினும் 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணையும்வரை ஆட்சி மன்னர் பெயராலேயே நடந்தது. தாசர் என்னும் பட்டம் குடிகள்முன் அவரை உயர்த்தியதேயன்றித் தாழ்த்தவில்லை.

இதை மனத்திற்கொண்டு, பவர் ஐயர் தலைமையில் உருவாகி 1871இல் முழுமையாக வெளிவந்த வேதாகமத்தை நோக்குவோம். கிரேக்கத்தில் ‘கூரியோஸ்’ விரிந்த சொல். வீட்டுத் தலைவனையும் அது குறிக்கும், பேரரசனையும் குறிக்கும் (அப். 25:26), கடவுளையும் குறிக்கும். ‘தெஸ்பொத்தேஸ்’ என்பதோ அடிமையை உடைமையாகக் கொண்டவனைச் சுட்டும் கடுஞ்சொல். அதன் இணை ‘தூலோஸ்’, அதாவது அடிமை. லூக்கா 2:29இல் சிமியோன் இவ்விரு சொற்களையும் சேர்த்தே ஆளுகிறான். தமிழில் அவை ‘ஆண்டவர்’, ‘அடியேன்’ என்று பக்தி மணம் பெறுகின்றன. தீத்து 2:9இல் அதே இணை ‘எஜமான்’, ‘வேலைக்காரர்’ என்றாகிறது. வேலைக்காரன் விலகிப் போகலாம். தூலோஸ் போக இயலாது. இங்கு மொழிபெயர்ப்பு உண்மையை மென்மையாக்கிவிட்டது என்றே சொல்லவேண்டும். எபேசியர் 6:9இல் மண்ணுலக எஜமானுக்கும் பரலோக எஜமானுக்கும் ஒரே சொல்லை வைத்த துணிவு பாராட்டத்தக்கது.

நம்மை மிகவும் உறுத்துவது பிலிப்பியர் நிருபம். 1:1இல் பவுலும் தீமோத்தேயுவும் ‘ஊழியக்காரர்’. 2:7இல் கிறிஸ்து எடுத்தது ‘அடிமையின்’ ரூபம். மூலத்தில் இரண்டும் தூலோஸ். ஆண்டவருக்கு அடிமை என்ற பெயர். அப்போஸ்தலருக்கோ கண்ணியமான வேறு பெயர்! அந்தக் கண்ணியமே இன்று ‘ஊழியர்’ என்னும் பட்டமாக நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. திருக்கோகர்ணத்துத் தாசப் பட்டத்தைப்போல அதுவும் அதிகாரத்தின் அணிகலனாகிவிட்டதோ என ஐயுறுகிறோம்.

பண்ணையடிமையின் நினைவு இன்னும் ஆறாத குடும்பங்கள் நம் சபைகளில் உண்டு, ‘அடிமை’ என்றால் அவர்கள் மனம் புண்படும் என்று தடை கூறலாம். தடை நியாயமானதே, இந்தியாவில் அடிமை உரிமையைச் சட்டம் ஏற்க மறுத்தது 1843இல்தான். ஆனால் அவர்கள் காதில் அச்சொல் கிறிஸ்துவின் பெயரோடு சேர்ந்து ஏற்கெனவே ஒலித்துவருகிறது. போதகரின் பெயரோடு சேரும்போது மட்டுமே நாம் தயங்குகிறோம்.