லாகூர்க் கடையும் ரியாத் அரங்கமும்

வீடியோ விளையாட்டைப் பற்றி நம் இல்லங்களில் எழும் பேச்சு பெரும்பாலும் இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. பெரியவர்கள் 'வீண்' என்கிறார்கள். கல்லூரியில் பயிலும் பிள்ளைகள் 'எதிர்காலம்' என்கிறார்கள். இவற்றுள் எதையும் ஆராயாமல் ஏற்பது அறிவுடைமை ஆகாது. வீடியோ விளையாட்டைப் போட்டியாக ஆடும் வழக்கம் எங்கே பிறந்தது, எவரால் வளர்ந்தது, இன்று எவர் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்னும் வினாக்களை எழுப்பிய பின்னரே நாம் தீர்ப்புக் கூறத் தகுதி பெறுவோம்.

அது பிறந்த இடம் கல்லூரிதான். 1962ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் அவர் தோழர்களும் 'ஸ்பேஸ்வார்' என்னும் விண்வெளிப் போர் விளையாட்டைக் கணினிக்காக உருவாக்கினர். பத்தாண்டுகள் சென்றபின், 1972 அக்டோபர் 19ஆம் நாள், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் அவ்விளையாட்டிலே ஒரு போட்டி நடந்தது. வென்றவர்க்கு வைக்கப்பட்ட பரிசு ஒரு பத்திரிகையின் ஓராண்டுச் சந்தா! சந்தாவின் அருமையை அறிந்த நம் போன்றோர்க்கு அது சிறிய பரிசாகத் தோன்றாது. எனினும் பரிசுக்காக எவரும் அங்கே கூடவில்லை என்பது தெளிவு. கூடி ஆடும் மகிழ்ச்சியே அவர்களைக் கூட்டியது.

வளர்ந்த கதையை அறிய லாகூருக்குச் செல்வோம். 2019 பிப்ரவரியில் ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் 'ஈவோ ஜப்பான்' என்னும் போட்டி நடைபெற்றது. 'டெக்கென்' என்பது இருவர் எதிரெதிரே மோதும் சண்டை விளையாட்டு. அதில் உலகின் தேர்ந்த ஆட்டக்காரர்களைத் தாண்டி முதலிடம் பெற்றவர், வெளியுலகம் அவ்வளவாக அறிந்திராத அர்ஸலான் சித்தீக் என்னும் லாகூர் இளைஞர். அதே ஆண்டு ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த ஈவோ போட்டியிலும் அவரே வென்றார். இறுதி ஆட்டத்தில் அவரிடம் தோற்றவர் தென்கொரியாவின் புகழ்பெற்ற வீரர் பே ஜே மின். 2023, 2024ஆம் ஆண்டுகளிலும் லாஸ் வேகாஸ் பட்டம் அர்ஸலானுக்கே உரியதாயிற்று.

இவ்வெற்றிகளைவிட நம் கருத்தைக் கவர்வது, முதல் வெற்றியின்போது அவர் சொன்ன செய்தி. தம் நாட்டில் தம்மைப்போல் வலிமை வாய்ந்த ஆட்டக்காரர் இன்னும் பலர் உள்ளனர் என்றார் அவர். அது வெறும் பணிவுரை அன்று. பே ஜே மின் போன்ற மூத்த வீரரே பாகிஸ்தானுக்குச் சென்று, உள்ளூர் இளைஞர்களோடு ஆடிப் பயின்று திரும்பினார். அத்திறமை நாணயம் போட்டு ஆடும் கடைகளிலே விளைந்தது. தோற்றவர் எழுந்து இடம்விட வேண்டும்; வென்றவர் தொடர்ந்து ஆடலாம் என்பது அத்தகைய கடைகளில் எங்கும் உள்ள முறை. எழுந்தவர் வீட்டுக்கு ஓடிவிடுவதில்லை. பின்னால் நின்று, தம்மை வென்றவரின் கையைக் கவனிக்கிறார். அருகில் நிற்பவரிடம் தம் பிழையைக் கேட்டறிகிறார். மறுநாள் திருந்தி வருகிறார். பள்ளிக்கூடம் இல்லாத ஒரு கல்விமுறை இது. தோல்வியைத் தாங்கவும், எதிரியை மதிக்கவும் அங்கே ஒருவன் கற்றுக்கொள்கிறான். தனி அறையில் கதவை அடைத்துக்கொண்டு ஆடுபவனுக்கு இது வாய்ப்பதில்லை.

இனி, மூன்றாம் வினா. 2014இல் சிகாகோவின் ராபர்ட் மாரிஸ் பல்கலைக்கழகம், 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' விளையாட்டில் தேர்ந்த மாணவர்க்கு, விளையாட்டு வீரர்க்கு வழங்குவது போன்ற உதவித்தொகையை அறிவித்தது. பின்னர் வேறு பல கல்லூரிகளும் அவ்வழியே சென்றன. 2022இல் சவூதி அரசின் முதலீட்டு நிதியத்துக்குச் சொந்தமான நிறுவனம், போட்டிகளை நடத்தும் இரு பெரிய நிறுவனங்களைச் சுமார் 150 கோடி டாலர் விலையில் வாங்கியது. 2024இல் ரியாத் நகரில் மின் விளையாட்டு உலகக் கோப்பை நடைபெற்றது. மொத்தப் பரிசு 6 கோடி டாலருக்கும் மேல். சந்தாவில் தொடங்கிய பயணம் ஐம்பத்திரண்டு ஆண்டுகளில் இந்த எல்லையைத் தொட்டிருக்கிறது.

இதைக் கண்டு வியப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கபடிக்கும் சதுரங்கத்துக்கும் உரிமையாளர் எவரும் இல்லை. தெருவில் கோடு கிழித்தால் கபடி பிறந்துவிடும். வீடியோ விளையாட்டோ ஒரு நிறுவனத்தின் சொத்து. ஆடுகளமும் விதியும் அவர்களுடையவை. 2020 செப்டம்பர் 2ஆம் நாள் இந்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தபோது 'பப்ஜி' மறைந்தது. 2021இல் வேறு பெயரோடு வந்தது. 2022 ஜூலையில் மீண்டும் நீக்கப்பட்டது. 2023 மே மாதம் திரும்பியது. இதை நம்பிப் படிப்பைத் தள்ளிவைத்த இளைஞனின் நிலை என்ன? அவன் பயிர் செய்தது பிறர் நிலத்தில். அறுவடைக்கு முன்னே வரப்பை மூடிவிட்டால் அவன் முறையிட இடமில்லை.

சூதைப் பற்றியும் தெளிவு வேண்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், திறமையால் ஆடும் மின் விளையாட்டை ஏற்று, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை விலக்குகிறது. சூது விலக்கப்பட்டது என்பதைச் சட்டம் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நம் குடும்பங்கள் இல்லை. ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கருதிப் பிள்ளையைச் சூதாடி என்று ஏசுவதும் நீதியன்று. விளையாட்டு என்ற பெயரில் பணப்பந்தயம் வீட்டுக்குள் நுழைவதைக் காணாதிருப்பதும் நன்றன்று.

கால அளவைச் சட்டத்திடம் விட்டுவிடலாம் என்று எண்ணுவோர்க்குத் தென்கொரியா விடை தருகிறது. பதினாறு வயதுக்கு உட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை ஆறு மணிவரை இணைய விளையாட்டு ஆடக்கூடாது என்று 2011இல் அங்கே ஒரு விதி வந்தது. 2022 தொடக்கத்தில் அது கைவிடப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைநிலை இடம்பெற்றுள்ளது உண்மை. ஆனால் கட்டுப்பாடு இழத்தல், பிற கடமைகளைவிட ஆட்டத்தை முதன்மையாக்குதல், கேடு கண்டும் தொடர்தல் ஆகியவை பொதுவாக ஓராண்டுக் காலம் நீடித்தாலே அது நோய் எனப்படும். ஆடுகிறவரெல்லாம் நோயாளர் அல்லர்.

ஆகவே, கல்லூரி நிருவாகிகளுக்கும் பெற்றோர்க்கும் நாம் கூற விரும்புவது இது. ரியாத் அரங்கத்தைக் காட்டிப் பிள்ளைகளை மயக்காதீர்கள். அங்கே மேடையேறுவோர் மிகச் சிலர். லாகூர்க் கடையின் நற்பண்பைக் கல்லூரிக்குள் கொண்டு வாருங்கள். ஓர் அறை, குறித்த நேரம், ஒருவரையொருவர் முகம் பார்த்து ஆடும் ஏற்பாடு, பாடத்தில் பின்தங்கியவனை நிறுத்திவைக்கும் ஒழுங்கு ஆகியவை போதும். வீட்டிலோ, 'எத்தனை மணி நேரம் ஆடினாய்?' என்று கேட்பதோடு நின்றுவிடாமல், 'யாரோடு ஆடினாய்? தோற்றபோது என்ன கற்றாய்?' என்றும் கேளுங்கள். விடை சொல்லத் தயங்காத பிள்ளையைப் பற்றி நாம் அஞ்ச வேண்டியதில்லை.