பாஸ்கர்வில் நாயும் ஐப்பசி இருட்டும்

துப்பறியும் நாவல்களைப் பற்றி நம்மவரிடையே இரு வகை நடத்தை உண்டு. கற்றவர் எனப்படுவோர் அவற்றை இலக்கியத்தின் வாசற்படியிலும் ஏறவிடுவதில்லை. மற்றையோர் இராமுழுதும் கண்விழித்துப் படித்துவிட்டு, விடிந்ததும் அப்புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறார்கள். நாம் நெடுங்காலம் இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்திருந்தோம் என்பதை ஒப்புக்கொண்டே இதை எழுதத் தொடங்குகிறோம். ஆயினும் இன்று நாம் எடுத்துக்கொண்டது ஒளித்துப் படிக்க வேண்டாத ஒரு நாவல். ஆர்தர் கானன் டாயில் என்பார் எழுதிய ‘பாஸ்கர்வில் வேட்டைநாய்’ என்பதே அது. 1901 ஆகஸ்டு முதல் 1902 ஏப்ரல் வரையில் இலண்டன் ‘ஸ்டிராண்ட்’ மாதப் பத்திரிகையில் தொடர்கதையாக வெளிவந்து, அந்த 1902லேயே நூலாயிற்று.

தமிழில் இவ்வகைக் கதைக்குப் பஞ்சமில்லை. ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ 1908லேயே வந்துவிட்டது. ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலக் கதைகள் பலவற்றிற்குத் தமிழ்ப் பெயரும் தமிழ் உடையும் பூட்டி நடமாடவிட்டார். அவற்றை நாம் குறை கூற வரவில்லை. ஆனால் நாம் படித்தவரையில் அக்கதைகளில் மழையும் இருட்டும் நாடக மேடையின் திரைச்சீலை போல் பின்னால் தொங்குவனவே. டாயிலின் நாவலிலோ பருவகாலமே ஒரு பாத்திரம். குற்றவாளிக்குத் துணை செய்வதும் அது, அவனைக் கடைசியில் விழுங்குவதும் அது.

கதை நடக்கும் இடம் இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் மாகாணத்திலுள்ள டார்ட்மூர் என்னும் மேட்டு நிலம். காலம் அக்டோபர் மாதம், அதாவது நம் ஐப்பசி பிறக்கும் நாட்கள். பழுத்த இலைகள் பாதையெங்கும் விழுந்து மக்கிக் கிடக்க, அவற்றின் மேல் செல்லும் வண்டிச் சக்கரத்தின் ஓசையே அடங்கிப்போகிறது. இவ்விடத்தில் கெடா வாசகர் சற்றுத் தடுமாறுவார். நமக்கு இலை உதிர்காலம் என்பது மாசி மாதத்து வெயிற்காலம். ரப்பர் மரம் மொட்டையாகி, காய்ந்த சருகு காலடியில் நொறுங்கி, ஒரு தீக்குச்சிக்காகக் காத்திருப்பது போல் கிடக்கும். ஆங்கிலேயன் இலையுதிர்வை எண்ணியதும் நடுங்குகிறான், நமக்கோ வியர்க்கிறது! ஆகவே தோட்டத்து வாசகர் மாசியின் மொட்டை மரங்களை எடுத்து, ஐப்பசியின் அடைமழையில் நிறுத்தி, ஜெராய் மலையுச்சியின் மேகத்தைத் தரைக்கு இறக்கிப் பார்க்க வேண்டும். பட்டை நனைந்தால் பால்வெட்டு இல்லை, வெட்டு இல்லையேல் அன்றைய கூலி இல்லை என்று லயத்து வாசலில் அமர்ந்து வானத்தைப் பார்த்திருந்த காலத்தை நினைவுள்ளவர்க்கு அந்த மனநிலை எளிதில் கைகூடும்.

நிற்க. கதை இது. (முடிவையும் சொல்லப் போகிறோம், நூற்றாண்டு கடந்த நூலுக்கு இரகசியம் காப்பதில் பயனில்லை.) பாஸ்கர்வில் பண்ணைக்கு உடையவரான சர் சார்லஸ், மே மாதம் 4ஆம் தேதி இரவில் தம் மாளிகைத் தோட்டத்தில் இறந்து கிடக்கிறார். உடலில் காயமில்லை, இருதய நோய் என்று விசாரணை முடிகிறது. ஆனால் அருகே ஒரு பெருநாயின் காலடித் தடங்கள் இருந்தன. அக்குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாக ஒரு பேய்நாய் துரத்துகிறது என்பது ஊர்க்கதை. புதிய வாரிசான ஹென்றி இலண்டன் ஓட்டலில் தங்கியபோது முதலில் அவருடைய புதுச் செருப்பில் ஒன்று காணாமற்போகிறது; அடுத்துப் பழையதில் ஒன்று போகிறது, அதன்பின் புதியது திரும்பக் கிடைக்கிறது. ஷெர்லாக் ஹோம்ஸ் பிடித்துக்கொண்ட நூல் இதுதான். பேய்க்கு மோப்பம் பிடிக்கச் செருப்பு எதற்கு? அதுவும் அணிந்து பழகிய செருப்பு எதற்கு? புதுச் செருப்பில் மனித வாடை இல்லையென்று திருப்பித் தந்த பேயை நாம் கேள்விப்பட்டதில்லை. பேய் நம்பிக்கையை உடைக்க நூறு சொற்பொழிவு செய்வதை இந்த ஒற்றைச் செருப்பு செய்துவிடுகிறது.

இந்நூலில் நம்மைப் பெரிதும் கவர்ந்தது வேறொன்று. சர் சார்லஸ் இறப்பதற்கு முன்பே அந்த மேட்டு நிலத்தில் ஒளிவீசும் பெரிய நாயைக் கண்டதாக மூவர் சொல்கிறார்கள். ஒருவர் நாட்டுப்புறத்தார், ஒருவர் குதிரைக்கு லாடம் கட்டுபவர், ஒருவர் அங்கேயே பயிர் செய்பவர். மருத்துவர் மார்ட்டிமர் அவர்களைக் குறுக்கு விசாரணை செய்தும் மூவர் சொல்லும் ஒன்றாகவே இருக்கிறது. படிக்கும் நாம் என்ன செய்கிறோம்? அறியாத மக்கள், பாவம், என்று தள்ளிவிட்டு மேலே செல்கிறோம். முடிவில் பார்த்தால் அம்மூவர் கண்டது முற்றிலும் மெய்! உயிருள்ள நாய், வாயிலும் முகத்திலும் பாஸ்பரஸ் பூசப்பட்ட நாய், உளைச்சேற்றின் நடுவே கைவிடப்பட்ட ஒரு பழைய ஈயச் சுரங்கத்தில் (நம்மவர் லம்பம் என்பார்கள்) ஸ்டேப்பிள்டன் என்பவன் ஒளித்து வளர்த்த நாய். அவனும் பாஸ்கர்வில் குலத்தான். சொத்துக்கு வழி தேடியவன். ஏழைகளின் கண் பொய் சொல்லவில்லை. கண்டதற்குச் சொன்ன காரணம் மட்டுமே பிழை. அந்தப் பிழையே கொலைஞனுக்குக் கவசமாயிற்று. பகுத்தறிவின் பெயரால் எளியோர் சாட்சியத்தை ஏளனம் செய்யும் நண்பர்கள் இவ்விடத்தில் சற்று நின்று போவது நலம்.

அந்த ஊர்க்கதையின் வேரையும் பார்ப்போம். 17ஆம் நூற்றாண்டில் ஹியூகோ பாஸ்கர்வில் என்னும் பண்ணையார், செப்டம்பர் கடைசியில் வரும் ஒரு திருநாளன்று, அண்டை உழவர் ஒருவரின் மகளைத் தன் தோழர்களுடன் சென்று தூக்கி வருகிறான். மாடியில் பூட்டப்பட்ட அப்பெண் சுவரில் படர்ந்த கொடியைப் பற்றி இறங்கித் தன் வீடு நோக்கி ஓடுகிறாள். ஹியூகோ அவளுடைய கைக்குட்டையை மோப்பம் காட்டி வேட்டைநாய்களை ஏவுகிறான். அச்சத்தாலும் களைப்பாலும் அவள் வழியிலேயே மாண்டுபோகிறாள். அதன்பின் அவனைப் பெருநாய் ஒன்று கடித்துக் கொன்றதாம். இதுவன்றோ கதையின் உட்பொருள்! சட்டம் தண்டியாத ஒரு பண்ணையாருக்கு, மக்கள் தம் கற்பனையில் விதித்த தண்டனை அந்த நாய்.

இதைப் படிக்கையில் பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் கழிந்த நம் சிறுவயது நினைவுக்கு வருகிறது. அங்கே ஒரு கிணறு இருந்தது. விளக்கு வைத்தபின் அப்பக்கம் எவரும் போவதில்லை. வெள்ளைச் சேலையில் ஒருத்தி நிற்பாள் என்று கிழவிகள் சொல்வார்கள். எந்தப் பெருமழையிலும் அவள் சேலை நனையாது என்றும் சொல்வார்கள். அவள் ஏன் விழுந்தாள் என்று கேட்டால் மட்டும் குரல் தாழும். கங்காணி வீட்டுப் பக்கம் ஒரு பார்வை போகும். பேச்சு வேறு பக்கம் திரும்பும். பேயைப் பற்றி உரக்கப் பேசலாம், பெண்ணைப் பற்றிப் பேசக் கூடாது. இன்று தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, லயத்தில் பிறந்தவர் சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் குடியேறிவிட்டனர். மின்விளக்கு எரிகிறது. கதை மட்டும் கூடவே வந்திருக்கிறது, அதே பாதியுடன்.

டாயிலின் குறை இங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து. நாய் பேயல்ல என்று நிறுவியதும் அவர் கணக்கை முடித்துவிடுகிறார். ஆனால் பேய் பொய்யானதால் அந்தப் பெண்ணின் சாவு பொய்யாகிவிடுமா? அவளுக்கு நூலில் ஒரு பெயர்கூட இல்லை. ஹியூகோவின் படமோ மாளிகைச் சுவரில் தொங்குகிறது. அதனால் ஒரே பயன், ஸ்டேப்பிள்டனின் முகச்சாயலை அதில் கண்டு ஹோம்ஸ் அவன் குலத்தை அறிவது. தற்காலத்தில் வரும் பெண்களும் அவ்வாறே. ஸ்டேப்பிள்டன் தன் மனைவியைத் தங்கையென்று சொல்லவைத்து, அடித்துக் கட்டிவைக்கிறான். லாரா லயன்ஸ் என்னும் கைவிடப்பட்ட பெண்ணை மணப்பதாக ஏமாற்றிப் பயன்படுத்திக்கொள்கிறான். மூன்று நூற்றாண்டில் அக்குலம் மாறவில்லை என்று ஆசிரியர் காட்டுகிறார். காட்டியதைத் தாமே கவனித்ததாகத் தெரியவில்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஹோம்ஸைப் படைத்த இந்த டாயில், 1916இல் ஆவிகளுடன் பேசலாம் என்னும் கொள்கையைப் பகிரங்கமாக ஏற்று, 1922இல் தேவதைகள் உண்டென்று நூலும் எழுதினார். தாம் பெற்ற பிள்ளையிடம் பாடம் கேட்க மறுத்த தகப்பன்!

இவ்வளவு சொன்னபின்னும், மூடுபனி இறங்கும் அந்தக் கடைசி இரவை நாம் எத்தனை முறை படித்தோமோ, கணக்கில்லை. வெள்ளைச் சுவர் போல் பனி அடி அடியாக நகர்ந்து வருகிறது. ஹென்றி இன்னும் வீட்டை விட்டுப் புறப்படவில்லை. அவரையே இரையாக வைத்துக் காத்திருக்கும் ஹோம்ஸின் கணக்கு, பனியால் தவறிவிடும் போலிருக்கிறது. நாய் வருவது தெரியும், அது நாய்தான் என்பதும் தெரியும். தெரிந்தும் மயிர்க் கூச்செறிகிறது. அச்சத்தை மூடநம்பிக்கையின் உதவியின்றி அனுபவிக்கலாம் என்பதற்கு இதனினும் நல்ல சான்று நாம் கண்டதில்லை. மழையிரவில், வீட்டார் உறங்கியபின், உரக்கப் படித்துப் பாருங்கள்.

இறுதி அத்தியாயத்தில் நவம்பர் மாதத்துப் பனியிரவு. இலண்டனில் கணப்படுப்பின் முன் அமர்ந்து ஹோம்ஸ் எல்லாவற்றையும் வாட்சனுக்கு விளக்குகிறார். பிறகு இருவரும் இசை நாடகம் பார்க்கப் புறப்படுகிறார்கள். போகும் வழியில் இராச்சாப்பாடு. டெவனில் அந்த லாடம் கட்டுபவரிடம் போய், ‘ஐயா, நீர் கண்டது மெய்தான்’ என்று சொன்னவர் யாரென்று நூலில் எங்குமில்லை.